செய்தி ஹெலிகாப்டர்: ஓட்டுகிறவருக்கு எத்தனை வேலை?

பல்லடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். உள்ளூர் சேனல் ஒன்றில் கேமராமேன். "அமெரிக்காவில் போலீஸ் துரத்துவதை ஹெலிகாப்டரிலிருந்து லைவாகக் காட்டுகிறார்கள். பல நேரம் பைலட்டே வர்ணனையும் சொல்கிறார். ஓட்டிக்கொண்டே பேசுவது அவ்வளவு சுலபமா? ஆபத்து இல்லையா? நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் இப்படி வந்தால் சரிப்படுமா?" இதுதான் கேள்வி. நான் ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்தவன். ஓட்டியதில்லை. ஓட்டுகிறவர்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் முகத்தைப் பார்த்துப் பழகியவன். அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

ஓட்டிக்கொண்டே பேச முடியும். நிறையப் பேர் வருஷக்கணக்காகப் பத்திரமாகவே செய்திருக்கிறார்கள். சிக்கல் சராசரி வேலைச்சுமையில் இல்லை. செய்தி சூடு பிடிக்கும் அதே நொடியில்தான் பறத்தலும் கடினமாகும். அதுவும் ஒரு பைலட்டுக்கு மட்டும் அல்ல, அங்கே சுற்றிக்கொண்டிருக்கும் எல்லாப் பைலட்டுக்கும் ஒரே நொடியில். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

முதலில் கையும் காலும் என்ன செய்கின்றன என்று பாருங்கள். வலது கையில் வண்டியைச் சாய்த்து நகர்த்தும் சைக்ளிக் கம்பு, இடது கையில் ஏற்றி இறக்கும் கலெக்டிவ் நெம்புகோல், இரண்டு காலுக்கும் மூக்கைத் திருப்பும் பெடல். ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்கும்போது கொஞ்சம் உயர வேண்டும் என்று கலெக்டிவ்வைத் தூக்கினால், விசிறிக்குப் போகும் சக்தி கூடி மூக்கு ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். அதைக் காலால் பெடல் மிதித்துப் பிடிக்க வேண்டும். பெடலை மிதித்தால் வால் விசிறியின் தள்ளல் மாறி வண்டி மெல்லப் பக்கவாட்டில் நகரும். அதைச் சைக்ளிக்கால் இழுக்க வேண்டும். சைக்ளிக்கைச் சாய்த்தால் உயரம் கொஞ்சம் இறங்கும். மறுபடி கலெக்டிவ். இது நிற்காமல் ஓடும் கணக்கு. பழகிய பைலட் இதை யோசித்துச் செய்வதில்லை, உடம்பே செய்யும். ஆனால் உடம்பு செய்வதற்குக் கண் வெளியே இருக்க வேண்டும். அடிவானம், பக்கத்துக் கட்டடம், கீழே உள்ள மரம் இவற்றைப் பார்த்துத்தான் கை திருத்துகிறது. கண் உள்ளே இருக்கும் டிவி திரைக்குப் போனால் கைக்குத் தகவல் நின்றுவிடும்.

அடுத்தது காது. ஹெட்செட்டில் ஏ.டி.சி., அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையம், பேசும். பக்கத்தில் பறக்கும் ஹெலிகாப்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் தனி அலைவரிசை ஒன்று. போலீஸ் வயர்லெஸ்ஸைக் கேட்கும் கருவி ஒன்று. பின்னால் அல்லது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கேமராமேன் "கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம்" என்பார். ஸ்டூடியோவிலிருந்து புரொடியூசர் "இன்னும் பத்து நொடியில் உங்களிடம் வருகிறோம்" என்பார். நேரலையில் போனதும் செய்தி வாசிப்பவர் கேள்வி கேட்பார், பைலட் முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும். எந்தக் குரலுக்கு எப்போது பதில், எந்தப் பொத்தானை அழுத்திப் பேசுவது என்பதே ஒரு வேலை. இதற்கு நடுவில் ஏ.டி.சி. இரண்டு முறை கூப்பிட்டுப் பதில் வராமல் போனால் பைலட்டைக் குறை சொல்வது எளிது.

தொலைக்காட்சிச் செய்திக்கு ஹெலிகாப்டரைக் கட்டிப்போட்டது லாஸ் ஏஞ்சலிஸ்காரர்கள். 1958-ல் கேடிஎல்ஏ நிலையம் ஒரு பெல் 47-ல் கேமரா ஏற்றியது. 1994 ஜூன் 17 அன்று, கொலை வழக்கில் தேடப்பட்ட முன்னாள் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சன் இருந்த வெள்ளை வண்டியைப் போலீஸ் பின்தொடர்ந்ததை நாடே மேலிருந்து பார்த்தது. அதற்கப்புறம் ஊருக்கு நாலு சேனல், சேனலுக்கு ஒரு ஹெலிகாப்டர் என்பது அங்கே சாதாரணமாகிவிட்டது.

2007 ஜூலை 27 அன்று அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் நடந்ததைத்தான் இந்தத் துறையில் இன்றும் பாடமாகச் சொல்கிறார்கள். ஒரு ஆள் வண்டியைத் திருடி ஓட்டிப் போகிறான், போலீஸ் துரத்துகிறது. மேலே பல சேனல்களின் ஹெலிகாப்டர்களும் போலீஸ் ஹெலிகாப்டரும். சேனல் 3, சேனல் 15 இரண்டின் ஹெலிகாப்டர்களும் ஒரே ரகம், ஏஎஸ்350. இரண்டிலும் ஒரு பைலட், ஒரு கேமராமேன். இரண்டிலும் பைலட்தான் நேரலை வர்ணனையாளர். பகல் வெளிச்சம், தெளிவான வானம், அனுபவசாலிகள். நீ எங்கே இருக்கிறாய், நான் இங்கே இருக்கிறேன் என்று அதற்குச் சற்று முன்புவரை ரேடியோவில் கேட்டுச் சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். துரத்தப்பட்டவன் ஒரு வண்டியை விட்டு இறங்கி இன்னொரு வண்டிக்குத் தாவுகிற கட்டத்தில் இரண்டு ஹெலிகாப்டர்களும் மோதி ஒரு பூங்காவில் விழுந்தன. நாலு பேரும் இறந்தார்கள்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து 2009-ல் அறிக்கை கொடுத்தது. இரண்டு பைலட்டும் எதிர் வண்டியைப் பார்த்து விலகவில்லை என்பது முதல் காரணம். அதோடு நிறுத்தாமல், செய்தி சொல்வதும் கீழே நடப்பதைக் கண்ணால் தொடர்வதும் பைலட்டின் பொறுப்பாக இருந்ததும், அந்தப் பகுதிச் செய்தி ஹெலிகாப்டர்களுக்கு முறையான நடைமுறை எதுவும் இல்லாததும் துணைக் காரணங்கள் என்று எழுதியது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் துணைக் காரணங்கள்தான். பைலட் கவனக்குறைவு என்று ஒரே வரியில் முடித்திருந்தால் யாருக்கும் வசதியாக இருந்திருக்கும். அவருடைய கண்ணைச் சேனல் ஏற்கெனவே வாடகைக்கு எடுத்துக்கொண்டது என்பதை அந்த வாரியம் மறைக்கவில்லை.

"நல்ல வெளிச்சத்தில் அவ்வளவு பெரிய ஹெலிகாப்டர் எப்படிக் கண்ணில் படாமல் போகும்?" என்று நீங்கள் கேட்கலாம். மோதப் போகிற பொருளின் குணமே அதுதான். இரண்டும் மோதும் பாதையில் வந்தால், எதிராளி உங்கள் கண்ணாடியில் இடம் மாறவே மாட்டான். ஒட்டிக்கொண்ட ஈ மாதிரி ஒரே புள்ளியில் இருப்பான், நெடுநேரம் சின்னதாகவே தெரிவான், கடைசி சில நொடிகளில் திடீரென்று பெரிதாவான். நம் கண் அசைவதைத்தான் சட்டென்று பிடிக்கும், அசையாததை விட்டுவிடும். அமெரிக்க விமானத்துறையின் பழைய வழிகாட்டி ஒன்று இதற்கு நொடிக் கணக்கே போட்டிருக்கிறது. கண்ணில் பட 0.1 நொடி, அது விமானம் என்று புரிய 1 நொடி, மோதப் போகிறோம் என்று உறைக்க 5 நொடி, எந்தப் பக்கம் விலகுவது என்று முடிவெடுக்க 4 நொடி, கை அசைய 0.4 நொடி, வண்டி திரும்ப 2 நொடி. மொத்தம் 12.5 நொடி. இது வெளியே பார்த்துக்கொண்டிருப்பவருக்கான கணக்கு. ஒரு வர்ணனை வாக்கியத்தைத் தொடங்கி முடித்துப் பாருங்கள், எத்தனை நொடி போகிறது என்று தெரியும். போதாக்குறைக்கு, மேலே இருப்பவனைக் கூரை மறைக்கும், கீழே இருப்பவனைத் தரை மறைக்கும். அதனால்தான் விசிறி இறக்கைகளுக்கு மேலிருந்து தெரியும்படி பளிச்சென்று பெயிண்ட் அடிக்கச் சொன்னார்கள். பராமரிப்புக்காரனான எனக்கு அது பிடித்த யோசனை. விலை குறைவு, பேட்டரி தேவையில்லை, கெட்டுப்போகாது.

பயணிகள் விமானங்களில் 10,000 அடிக்குக் கீழே பறத்தலுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு காக்பிட்டில் கூடாது என்று அமெரிக்கா 1981-லேயே விதி போட்டது. இரண்டு பைலட், ஆட்டோபைலட், வழிகாட்ட ரேடார் எல்லாம் உள்ள விமானத்துக்கு அந்த விதி. செய்தி ஹெலிகாப்டர் தன் வேலை முழுவதையும் அந்த உயரத்துக்குக் கீழேதான் செய்கிறது, பேசுவதே அதன் வேலை. இந்த முரணை நான் எத்தனையோ தடவை யோசித்ததுண்டு.

சரி, கோயமுத்தூருக்கு வருவோம். அவினாசி ரோட்டில் கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10 கிலோமீட்டர் மேம்பாலம் 2025-ல் திறந்தாகிவிட்டது. அதன்மேல் ஒரு கார் பறக்கிறது, போலீஸ் பின்னால் வருகிறது, சேனல் ஹெலிகாப்டர் தலைக்குமேல் என்று வைத்துக்கொள்வோம். பாலத்தின் ஒரு முனை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிழக்கே சூலூர் விமானப்படைத் தளம், தேஜஸ் போர் விமானங்கள் அங்கே இருக்கின்றன. கார் திரும்புகிற பக்கமெல்லாம் இவர் திரும்ப முடியாது, ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்க வேண்டும். அதாவது செய்தி சூடாகச் சூடாக ரேடியோ வேலையும் கூடும்.

அப்புறம் காற்று. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றைப் பல்லடத்துக்காரருக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உடுமலை, பல்லடம், பொள்ளாச்சி பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். ஹெலிகாப்டரில் பைலட் வழக்கமாக வலது சீட்டில் இருப்பார். கீழே உள்ளது தன் பக்கம் தெரிய வேண்டும் என்பதால் வலப்பக்கமாக வட்டமடிப்பார். மேற்கிலிருந்து 20 நாட் காற்று, அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர். மேற்கு நோக்கிப் போகும்போது எல்லாம் சுகமாக இருக்கும். வட்டத்தின் மறுபாதியில் காற்று பின்னாலிருந்து தள்ளும். தரை வேகமாக ஓடும். கேமராமேன் "சார், ஸ்லோ, ஸ்லோ" என்பார். பைலட் தரை ஓடும் வேகத்தைப் பார்த்துக் குறைப்பார். தரைவேகம் 40 நாட் என்றால் காற்றில் அவருடைய வேகம் 20 நாட்தான். 30 நாட்டுக்குக் கீழே வந்துவிட்டால் வால் விசிறிக்குச் சோதனை காலம். பெல் போன்ற அமெரிக்க ரகங்களில் மேலிருந்து பார்த்தால் பெரிய விசிறி இடஞ்சுழியாகச் சுற்றும், சக்தி கூட்டினால் மூக்கு வலது பக்கம் ஓடப் பார்க்கும். ஏற்கெனவே வலது வட்டம், முதுகில் காற்று, குறைந்த வேகம். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் சக்தியைக் கூட்டினால் மூக்கு சட்டென்று வலது பக்கம் சுழலத் தொடங்கும், பெடலை மிதித்தாலும் உடனே நிற்காது. ஏஎஸ்350 போன்ற பிரெஞ்சு ரகங்களில் விசிறி எதிர்த் திசையில் சுற்றும், அதனால் பக்கமும் மாறும். எந்த ரகமானாலும் மருந்து ஒன்றுதான்: வட்டத்தைப் பெரிதாக்கு, வேகத்தை விடாதே, படம் ஆடினால் ஆடட்டும். இன்றைய கேமராக்களுக்குத் தொலைவு ஒரு பொருட்டே இல்லை. ஆடாமல் பிடிக்கும் கைரோ வைத்த உருண்டைக் கேமராவால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நின்றே ஆளை அடையாளம் காட்டலாம். கிட்டப் போகச் சொல்கிற புரொடியூசர் பழைய காலத்தில் இருக்கிறார் என்று அர்த்தம்.

காற்றாலையையும் உயரழுத்த மின்கம்பிகளையும் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. கம்பி மேலிருந்து பார்த்தால் தெரியாது, கோபுரத்தைப் பார்த்துத்தான் கம்பி இருப்பதை ஊகிக்க வேண்டும்.

எரிபொருளும் இதே கதை. 1960-ல் சோவியத் நாட்டின் மேல் யு-2 உளவு விமானத்தோடு சுடப்பட்டு உயிர் தப்பிய பிரான்சிஸ் கேரி பவர்ஸ், பிற்பாடு லாஸ் ஏஞ்சலிஸில் செய்தி ஹெலிகாப்டர் பைலட்டானார். 1977 ஆகஸ்ட் 1 அன்று சாண்டா பார்பரா பக்கத்துக் காட்டுத் தீயைப் படம் எடுத்துத் திரும்பும்போது எரிபொருள் தீர்ந்து விழுந்து, அவரும் கேமராமேனும் இறந்தார்கள். அவ்வளவு பார்த்த மனுஷனுக்கே அப்படி.

மேகம் மட்டும் தனி ரகம். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன விமானப்படை எம்ஐ-17 ஹெலிகாப்டர் குன்னூருக்குப் பக்கத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் இருந்த 14 பேரும் உயிரிழந்தார்கள், அதில் ஒருவர் ஒரு வாரம் போராடிய பிறகு. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி வண்டி மேகத்துக்குள் நுழைந்ததும், பைலட்டுக்குத் திசை உணர்வு தப்பியதும் காரணம் என்று விசாரணையின் முதற்கட்ட முடிவு சொன்னது. அது ராணுவப் பயணம், செய்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேட்டுப்பாளையம் தாண்டினால் மேகம் எவ்வளவு சீக்கிரம் மூடும் என்பதற்காகச் சொல்கிறேன். மலையில் நிலச்சரிவு என்றால் சேனல் ஹெலிகாப்டர் போக வேண்டியது அங்கேதான், அதுவும் அந்த மழையில்தான்.

நம் நாட்டில் செய்திக்கென்றே தினமும் பறக்கும் ஹெலிகாப்டர் என்பது வேரூன்றவில்லை. பறக்கும் விமானத்திலிருந்து படம் எடுக்க அனுமதி வேண்டும் என்று 1937-ன் விமான விதிகளிலேயே, 13-வது விதியில், இருக்கிறது. செலவு வேறு. எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அதே நெருக்கடி நம்ம பக்கம் வேறு வேஷத்தில் இருக்கிறது. கும்பாபிஷேகத்துக்கு வாடகை ஹெலிகாப்டரில் பூத் தூவுகிறார்களே, அதைச் சொல்கிறேன். காங்கேயம் பக்கம் ஒரு கோயிலில் பார்த்தேன். இரண்டு சுற்று முடிந்து பைலட் பள்ளிக்கூட மைதானத்தில் இறக்கிவிட்டார். விசிறி நிற்பதற்குள் விழாக் கமிட்டிப் பெரியவர் ஒருவர் குனிந்தபடி ஓடி வந்துவிட்டார்.

"சார், ராஜகோபுரத்துக்குக் கிழக்கால பூவே விழுகலீங்க. இன்னொரே ஒரு சுத்து போயிட்டு வந்துருங்க."

"இல்லீங்கய்யா. காத்து ஏறிருச்சு. கிழக்கால ட்ரோன் ரெண்டு நிக்குதுங்க."

"அது நம்ம பசங்க ட்ரோன்தானுங்க, சொன்னா இறக்கிருவாங்க."

"இறக்கட்டுங்க. நான் போகலீங்க."

பெரியவர் முகம் சுண்டிப்போனது. பைலட் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை, ஹெல்மெட்டைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அவர் சொந்தமாகத் தொழில் செய்பவர், அதனால் மறுக்க முடிந்தது. மாதச் சம்பளத்துக்கு ஒரு சேனலில் இருந்து, பக்கத்து சேனல் ஹெலிகாப்டர் இன்னும் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்போது அதே பதிலைச் சொல்வது இன்னும் கஷ்டம். பைலட் "வேண்டாம்" என்றால் ஏன் என்று அன்றைக்குக் கேட்கக் கூடாது என்ற ஒரு விதி போதும், பாதி விபத்து குறையும் என்பது என் கட்சி.

ட்ரோன் வந்துவிட்டதே என்பீர்கள். நல்லதுதான், விழுந்தால் உள்ளே ஆள் இல்லை. 2021 ட்ரோன் விதிகளின்படி, முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் வரை பறக்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 60 மீட்டர் வரைதான். 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே மஞ்சள் மண்டலம், ஏ.டி.சி. அனுமதி வேண்டும். பீளமேடு, சிங்காநல்லூர், சரவணம்பட்டி எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஆனால் கண் பிரச்சினை தீரவில்லை. ஓட்டுகிறவர் திரையைத்தான் பார்க்கிறார். தேர் நிலையை விட்டுக் கிளம்பும் நொடியில் எல்லா ட்ரோன்காரர்களும் ஒரே திரைக்குள் மூழ்குகிறார்கள், பீனிக்ஸில் நடந்தது போலவே. கூட ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. அவர் கையில் போன் கூட இருக்கக் கூடாது. வானத்தைப் பார்ப்பது மட்டும் அவர் வேலை. 2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டுத் தீக்கு விமானப்படை ஹெலிகாப்டர் பெரிய வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது. அந்த மாதிரி நேரத்தில் செய்திக்காக ஒரு ட்ரோன் குறுக்கே போனால் அவர்கள் வேலையை நிறுத்த வேண்டியதாகிவிடும். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் முதலில் இறக்குங்கள், அனுமதி இருந்தாலும் சரி.

கடைசியாக, தேர்தல் நேரத்தில் உங்களுக்கு வாடகை ஹெலிகாப்டரில் சீட் கிடைத்தால். ஏறுவதற்கு முன்பே பைலட்டிடம் இரண்டு விஷயம் பேசி முடித்துவிடுங்கள்: எந்தப் பக்கம் வட்டம், எத்தனை மணிக்குத் திரும்புகிறோம். மேலே போனதும் அவரிடம் கேட்பது குறையும். ஏறும்போதும் இறங்கும்போதும் பேசாதீர்கள். கம்பியோ ட்ரோனோ பறவையோ கண்ணில் பட்டால் மட்டும் தயங்காமல் கத்துங்கள், மரியாதை பார்க்க வேண்டாம். லென்ஸ் மூடி, துண்டு, சால்வை எதுவும் அவிழ்ந்து கிடக்கக் கூடாது, கதவு திறந்திருந்தால் அது நேரே வால் விசிறிக்குத்தான் போகும்.

கதவைக் கழற்றிவிட்டுப் படம் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், உங்களைக் கட்டும் வாரைத் தரையிலேயே பாருங்கள். 2018 மார்ச் 11 அன்று நியூயார்க்கில் கதவில்லாமல் படம் எடுக்கப் போன ஏஎஸ்350 ஒன்றில், முன்சீட்டில் இருந்தவரின் கட்டுக் கயிறு தரையிலிருந்த எரிபொருள் அடைப்பு நெம்புகோலில் மாட்டி எஞ்சின் நின்றது. ஆற்றில் இறங்கி வண்டி கவிழ்ந்தது. பைலட் தப்பினார். ஐந்து பயணிகளும் கூடுதலாகக் கட்டியிருந்த வார்களைச் சீக்கிரம் கழற்ற வழியில்லாமல் மூழ்கிப் போனார்கள். உங்கள் கொக்கி முதுகில் இருந்தால் முன்னால் மாற்றச் சொல்லுங்கள், மாற்ற மாட்டேன் என்றால் கீழே நின்றே படம் எடுங்கள். மாற்றினால், கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் ஐந்தாறு தடவை கழற்றிப் பழகிவிட்டு ஏறுங்கள்.